படத்தின் மூலையில் ஒரு போஞ்சிக் கொல்லை

கந்தப்பளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கிற இளம் ஆசிரியை ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். பாடப்புத்தகத்தில் புதிதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்களாம். பிள்ளைகள் தாங்கள் வாழும் இடத்தின் படத்தை வரைந்து, அந்த இடத்தின் கதையை ஊராரிடம் கேட்டு எழுத வேண்டுமாம். "நீங்க அந்தக் காலத்துலேயே தோட்டத்துப் பிள்ளைகளை வச்சு இதைச் செஞ்சீங்கன்னு சொன்னாங்க. எங்க இருந்து ஆரம்பிக்கிறது சார்?" என்று கேட்டார். நான் ஆரம்பித்த இடத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை எழுதி அனுப்புவதாகச் சொன்னேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, மிச்சத்தில்தான் விஷயமே இருக்கிறது.

என் படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். ஹட்டனில் பள்ளிப் படிப்பு, பிறகு ஆசிரியர் பயிற்சி. பயிற்சியில் கேட்டவற்றில் ஒன்றுதான் மனதில் ஒட்டியது: பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததற்குப் போ. அதை ஒரு கொடி மாதிரிப் பிடித்துக்கொண்டு, ஐம்பதுகளின் நடுவில், நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கினேன். உலகம் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்கிற அவசரம் அப்போது எனக்கு இருந்தது.

தோட்டத்துக்குப் பெயர்ப்பலகையில் ஓர் இங்கிலீஷ் பெயர். சனங்கள் அதை மூங்கில்தோட்டம் என்றார்கள். பள்ளிக்கூடம் என்பது ஒரே நீண்ட தகரக் கொட்டகை. நடுவில் சுவர் கிடையாது. ஒரு பக்கம் நான் சொல்வது மறுபக்கத்துப் பிள்ளைகளுக்கும் கேட்கும். அவர்கள் வாய்ப்பாடு சொல்வது எனக்குப் பாட்டுக் கச்சேரி.

அங்கே பெரிய வாத்தியார் பொன்னையா மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் வந்ததும் குடையைத் தனக்கென்று அடித்து வைத்திருந்த ஆணியில் மாட்டுவார். கோட்டைக் கழற்றமாட்டார், மலைக்குளிர் எலும்புக்குள் போய்விடும் என்று பயம். அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. கோபம் ஏற ஏற மற்றவர்களுக்குக் குரல் உயரும், அவருக்கு இறங்கும். சாதாரணமாகப் பேசினால் கொட்டகை முழுக்கக் கேட்கும். கிசுகிசுத்தார் என்றால் யாரோ ஒருவனுக்கு அன்று சனி. என்னைக் கடைசி வரைக்கும் 'தம்பி' என்றும் 'நீர்' என்றும்தான் அழைத்தார்.

சரித்திரப் பாடம் என் கையில் வந்தது. புத்தகத்தில் ராஜரட்டைக் குளங்கள், அரசர்கள், போர்கள். பிள்ளைகள் அத்தனையையும் பிசகாமல் ஒப்பிப்பார்கள். ஒருநாள் நான் பெரிய குளத்தைப் பற்றி உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், அந்தக் கொளம் நம்ம இஸ்டோருக்கு அந்தாண்டையா, இந்தாண்டையா?" என்றான். இஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. அதற்கு அப்பால் உள்ள உலகம் அவனுக்கு ஒரே தூரத்தில் இருந்தது.

நான் வெளியே தெரிந்த மலையைக் காட்டி, "அந்த மலைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

கொட்டகை இரண்டுபட்டது.

"ஏழாம் நம்பருங்க சார்!"

"நம்பர் தொரைக்குடா! அது பட்டினி மலை சார்!"

"ஏன் பட்டினி?"

"அரிசி வராத காலத்துல அங்கதான் சார் கொழுந்து எடுத்தாங்களாம்."

"இல்ல சார், பொய் சொல்றான். அங்க கொழுந்தே வராது, அதான் பட்டினி."

அன்று குளத்துக்குத் திரும்பவே இல்லை. பட்டினி மலை, குதிரை விழுந்த மலை, ஊசிமலை, பேச்சிப்பாறை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. தோட்டத்து ஆபீஸில் எல்லா மலைக்கும் இலக்கம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லா மலைக்கும் பெயர். பெயருக்குப் பின்னால் கதை. கதைக்கு எதிர்க்கதை.

நான் வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானத்துக்குப் பிறகு பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஆரம்பித்தேன். பொன்னையா மாஸ்டர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தம்பி, பிள்ளையள் பிறந்ததிலை இருந்து பார்க்கிற மலையை நீர் என்னத்துக்குக் கொண்டுபோய்க் காட்டப்போறீர்?" என்றார். இரைந்துதான் சொன்னார். அதனால் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முறை இதுதான். வாரம் ஒரு மலை. ஏறி நின்று பார்ப்பது. வழியில் கொழுந்து எடுக்கிறவர்களிடம், பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்களிடம் கேட்பது. திரும்பி வந்து சிலேட்டில் வரைவது. எல்லாருக்கும் சரி என்று பட்ட பிறகு பெரிய தாளில் ஏற்றுவது. பெரிய தாளுக்கு எங்கே போவது? கந்தப்பளையில் சில்லறைக் கடையும் துணிக்கடையும் சேர்த்து நடத்திய காசிம் நானா, துணிக்கட்டு சுற்றி வரும் தடித்த பழுப்புத் தாளை ஒட்டிப் பெரிய விரிப்பாகவே தந்தார். "இதுல தோட்டத்தையே மடிச்சுக் கட்டலாம் வாத்தியார்" என்றார். நான்கு பிள்ளைகள் சேர்ந்துதான் அதைப் பிடிக்க வேண்டும்.

வகுப்பில் நான் போட்ட சட்டம் கடுமையானது. கண்ணால் பார்த்ததைப் போடு. பார்க்காததைப் போடாதே. இருப்பதை இல்லை என்று விடாதே.

படம் பாதி வளர்ந்திருந்தபோது தோட்டத்துத் துரை ஒருநாள் பள்ளிக்கூடக் கூரையின் ஒழுக்கைப் பார்க்க வந்தார். வெள்ளைக்காரர். நீண்ட காலம் இங்கே இருந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும்போது கற்ற தமிழ் என்பதால், எல்லா வாக்கியமும் கட்டளை மாதிரி இருக்கும். கூரையைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். நெருங்கினார். விரலால் பாதையைப் பிடித்துக்கொண்டே போனார்.

"ஏய் வாத்தியார். இது நம்ம தோட்டம்?"

"ஆமாம்."

"இது என் பங்களா? ஏன் இவ்வளவு சின்னம்? மாரியம்மா கோயில் ஏன் இவ்வளவு பெரிசு?"

பொன்னையா மாஸ்டருக்கு வியர்த்தது. பங்களாவை வரைந்தவன் எழுந்து நின்றான். "உள்ளாற வுட்டதில்லீங்க தொரை. ரோட்டுல நின்னு பாத்தா அம்புட்டுத்தாங்க தெரியும்."

துரை சிரித்தார். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் தானும் வருவதாகவும், முடிந்த படத்தை அவருக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொன்னையா மாஸ்டர் குடையைத் துடைத்தார்.

படத்தின் வலது கீழ்மூலை பாக்கியத்துடையது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. மெலிந்த உடம்பு, தெளிவான கை. ஊசிமலையின் அடிவாரமும் ஓடையும் அவளுக்கு விழுந்தன. தேயிலை முடிகிற இடத்தில், ஓடைக்கும் காட்டுக்கும் நடுவே, அவள் ஒரு கொல்லையை வரைந்தாள். கம்பு நட்டுக் கொடியேற்றிய போஞ்சி, வரிசை வரிசையாக. கரையோரம் லீக்ஸ். நடுவில் பழைய கோட்டுப் போட்ட வெருளி. மற்றப் பிள்ளைகள் தேயிலையைப் பச்சைப் புள்ளிகளால் நிரப்பிவிட்டுப் போனார்கள். இவள் ஒவ்வொரு காயையும் தொங்கவிட்டிருந்தாள். 'எங்கள் போஞ்சிக் கொல்லை' என்று எழுதியும் வைத்தாள். வகுப்பின் முன்னால் அதைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினேன்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்திய நாள் பிற்பகல். பிள்ளைகள் தரையைச் சாணத்தால் மெழுகிக்கொண்டிருந்தார்கள். பொன்னையா மாஸ்டர் படத்தின் முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, உது என்ன?"

"மரக்கறிக் கொல்லை, மாஸ்டர். பாக்கியம் போட்டது. நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. துரையின்ரை கண்ணுக்கும் நல்லாத் தெரியும்." இன்னும் தணிந்தது குரல். "ஓடைக்கரையிலை ஒருத்தரும் மண் கொத்தக்கூடாது எண்டு துரை ஓடர் போட்டிருக்கிறார். மண் கரைஞ்சு வந்து இஸ்டோர் தண்ணியை அடைக்குதாம். நீர் வாறதுக்கு முந்தி ஒருத்தன் கொத்தினவன். பத்துச்சீட்டுக் குடுத்து அனுப்பினவை."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். வேலையும் போகும், லயத்துக் காம்பராவும் போகும். சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். அந்த ஓடைக்கரைக் கொல்லை, துரை ஒருவரைத் தவிர, வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்த இடம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பாக்கியத்தின் அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் இறங்கிப் படுத்திருந்தார். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அம்மா மீனாச்சி எடுக்கிற கொழுந்துக்கு வருவதும், காசிம் நானா கடைக்குப் போகிற போஞ்சியுந்தான் அந்த வீட்டில் அடுப்பை எரித்தன.

"மூலையைக் கத்தரிச்சுப்போட்டு வேறை துண்டை ஒட்டும்" என்றார் பொன்னையா மாஸ்டர்.

"பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லி வச்சிருக்கேன் தெரியுமா மாஸ்டர்? இருக்கிறதை இல்லைன்னு விடக்கூடாதுன்னு..."

"படம் உம்முடையது தம்பி. பத்துச்சீட்டு அவையளுக்கு."

கத்தரிக்கோலை எடுத்தேன்.

அந்திக் கொழுந்து நிறுவை முடிந்து மீனாச்சி நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள். கூடை முதுகில்தான் இருந்தது. விஷயம் லயத்துக்கு எப்படிப் போனதோ தெரியாது. வாசலுக்கு வெளியே நின்றபடி சொன்னாள்: "வாத்தியாரய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவுது. அந்தக் கொல்லைய அழிச்சுருங்க. புள்ள தெரியாமப் போட்டுருச்சு."

"தெரிஞ்சுதாம்மா போட்டேன்" என்றாள் பாக்கியம். தரை மெழுகிய கையோடு வந்து நின்றாள்.

"வாய மூடுடி. ஒன்னாலதான் இம்புட்டும். பெரிய மேப்பு போட வந்துட்டா."

"சார்தானே இருக்கிறத விடக்கூடாதுன்னாங்க? பங்களா இருக்கு, போட்டாச்சு. காசிம் நானா லாரி வர்ற ரோடு இருக்கு, போட்டாச்சு. நம்ம கொல்ல மட்டும் இல்லையா?"

"இருக்குடி! இருக்கிறதுதான் வெனையே!"

நான் இடையில் புகுந்து, படம் வேறு, வாழ்க்கை வேறு என்பது போல ஏதோ சொன்னேன். பாக்கியம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டேன். கத்தரிக்கோல் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"படத்த ஏம்மா மாத்தணும்? கொல்லைய மாத்துங்க."

"என்னாடி சொல்ற?"

"நம்ம கொல்லையில அந்தக் கல்லு இருக்குல்ல, நீங்க மம்பட்டி தீட்டுவீங்களே. அதுக்கு மஞ்சளப் பூசி சாமியா வச்சுருங்க. நான் சாமியையும் சேத்துப் போட்டுர்றேன்."

இளம் ஆசிரியைக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மஞ்சள் பூசிய கல் எங்கே இருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். மலை நடுவில் இருந்தால் தேயிலை வரிசை சுற்றிப்போகும். ரோட்டு நடுவில் இருந்தால் ரோடு வளையும். பெயர்க்கச் சொல்லித் துரை உத்தரவு போடலாம். கடப்பாரையைத் தொட ஆள் கிடைக்காது. இது துரைமாருக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் முதல் மாலை அவர்களுக்குத்தான் விழும். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள எவரும் விரும்புவதில்லை.

மீனாச்சி மகளைப் பார்த்தாள். "சாமி வெசயத்துல வெளையாடக் கூடாதுடி" என்றாள். குரலில் பழைய கோபம் இல்லை. கூடையை இறக்காமலே போய்விட்டாள்.

பொன்னையா மாஸ்டர் கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கி மேசை லாச்சியில் வைத்தார்.

மறுநாள் விடியும் முன்பே அவர் பெரட்டுக்களத்துக்குப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அது அவர் வழக்கம். பள்ளிக்கு வரும் பணம் பிள்ளைகளின் வரவைப் பொறுத்தது. தாய்மார் வேலைக்குப் பிரியும் இடத்தில் குடையோடு நின்று, "பிள்ளையை இண்டைக்கு வீட்டிலை மறிக்காதையுங்கோ" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும் பிள்ளைகளைக் குழந்தையோடு வரச் சொல்வார். அன்று எங்கள் கொட்டகையில் பாதி, தொட்டில் பிள்ளைகள். எண்ணெய் வழிய வாரிய தலைகள், சுண்ணாம்பு வாசனை, சாண வாசனை.

பாக்கியம் எல்லாருக்கும் முந்தி வந்தாள். மஞ்சள் சாக்பீஸை எடுத்து மூலையில் ஒரு கல்லைப் போட்டாள். பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் கத்தி ஒன்றையும், அதன் முனையில் எலுமிச்சம்பழத்தையும் போட்டாள்.

"பாத்துட்டுத்தான் போடுறேன் சார்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சொந்தப் போத்தலில் வெந்நீர் கொண்டுவரும் மனிதர். தேயிலைத் தோட்டத்தில் தேநீர் குடிக்க மாட்டார். பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டி மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் பார்த்தார். துரை நேராகப் படத்துக்குப் போனார். பழகிய விரல் பழகிய பாதையில் போனது. பங்களா, இஸ்டோர், ஏழாம் நம்பர், ஊசிமலை. மூலையில் நின்றது.

"இது ஓடை. இங்க தேயிலை இல்லை. இது என்னா?"

பாக்கியம் எழுந்தாள். "கொல்லைங்க தொரை. எங்கம்மா போட்டது."

மூன்றாம் வகுப்புக்காரர்கள் கூட வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"யார் உத்தரவு குடுத்தது?"

"உள்ள சாமி இருக்குங்க" என்றாள்.

"என்னா சாமி?"

"மாரியம்மனுங்க."

"இந்தக் கல்லு எப்ப வந்தது?"

"கல்லு மொதல்ல இருந்தே அங்கதாங்க இருக்கு தொரை."

"சாமி?"

"அது எங்கம்மாவத்தாங்க கேக்கணும்."

துரை தொப்பியை எடுத்தார். "வா. பாப்போம்."

பொன்னையா மாஸ்டர் என் முதுகில் மெல்லத் தட்டி, "நீர் போம். நான் இவரைப் பார்க்கிறன்" என்றார், இன்ஸ்பெக்டரைக் கண்ணால் காட்டி.

ஊசிமலையில்தான் அன்று கொழுந்து. துரை கீழே போகிற வழியிலேயே மீனாச்சியைக் கூப்பிடச் சொன்னார். அவள் இடுப்பில் கட்டிய சாக்கோடு இறங்கி வந்து, எட்டவே நின்றாள். கொல்லை படத்தில் இருந்தது போலவே இருந்தது. வெருளியின் கோட்டு மட்டும் ஒரு கை குறைவு. நடுவில் கல். மஞ்சள் இன்னும் ஈரம். குங்குமம், செவ்வந்திப் பூ. எங்கள் குளிருக்கு வேப்பமரம் வராது. வேப்பிலை கிடைக்காத மாரியம்மன் அது. அதன் முன்னால் மண்ணில் குத்தி நின்றது ஒரு கவ்வாத்துக் கத்தி.

துரை குனிந்தார். "இது தோட்டத்துக் கத்தி."

கொல்லை ஒரு குற்றம் என்றால் இது இரண்டாவது.

"ஆமாங்க தொரை" என்றாள் மீனாச்சி. "அவரு கால்ல எறங்குன கத்தி. கணக்கப்பிள்ளை திருப்பிக் கேட்டாருங்க. நாந்தான் குடுக்கல. ரெத்தம் பாத்த கத்திய மறுபடி ஒருத்தன் கையில குடுக்க மனசு வரலங்க. சாமிக்கு நேந்து வுட்டுட்டேன்."

அது அவள் முந்தைய நாள் யோசித்த பேச்சாக எனக்குப் படவில்லை. துரைக்கும் படவில்லை போலும். அவர் நிமிர்ந்து, போஞ்சிக் கொடிகளைப் பார்த்தார்.

"மாரியம்மா போஞ்சி சாப்பிடுவாளா?"

"படைக்கிறதுதாங்க."

"எல்லாமும்?"

"அவ சாப்புட்டது போவ மிச்சந்தாங்க எங்களுக்கு."

அவர் முகத்தில் சிரிப்பா, எரிச்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. கைத்தடியால் கல்லைத் தொடாமல், அதைச் சுற்றிக் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "சரி. சாமிக்கு எடம் வேணும். எவ்வளவு வேணும்? காட்டு."

மீனாச்சி நடந்தாள். ஓடைக்கரையில் கடைசி லீக்ஸ் வரைக்கும் போய் நின்றாள். அங்கிருந்து காட்டோரம். காட்டோரத்திலிருந்து தேயிலை வரைக்கும். சுற்றி வந்து, பழைய இடத்தில் நின்று, "இம்புட்டுத்தாங்க தொரை" என்றாள்.

ஒரு செடி வெளியே இல்லை.

துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று துரையானார். கரையில் கல் அடுக்கி மண்ணைத் தடுக்க வேண்டும். இந்த அளவுக்கு மேல் ஓர் அடி நகர்ந்தால் பத்துச்சீட்டு. தோட்டத்துக்கு இரண்டு மாரியம்மா போதும், மூன்றாவது வரக்கூடாது. கத்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மீனாச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டது கல்லையா, அவரையா என்று பார்ப்பவர் முடிவுக்கு விட்டுவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பற்றி எழுதிவிட்டுப் போன குறிப்பில், நன்று என்றும், அளவுத்திட்டம் காட்டப்படவில்லை என்றும் இருந்தது. இரண்டும் சரிதான்.

இதோடு முடிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் துரை அதே வாரத்தில் ஓடைக்கரை முழுவதையும் நடந்து பார்க்கக் கணக்கப்பிள்ளைக்கு உத்தரவிட்டார். மேலே இன்னும் இரண்டு கொல்லைகள் இருந்தன. அந்த வீட்டுக்காரர்கள் அவசரத்தில் கல் தேடினார்கள். ஒருவர் மீனாச்சியிடமே போய் யோசனை கேட்டிருக்கிறார். "சாமி என்னா மொளகா நாத்தா, ஆளுக்கு ஒண்ணு புடுங்கிக் குடுக்க?" என்றாளாம். இரண்டு கொல்லைகளையும் கணக்கப்பிள்ளையின் ஆட்கள் கொத்தித் தள்ளிவிட்டார்கள். பத்துச்சீட்டு வரைக்கும் போகவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் கொஞ்ச நாள் என் வகுப்புக்கு வரவில்லை. வந்த பிறகும் வெள்ளிக்கிழமை மலைக்கு வரமாட்டேன் என்றார்கள். கட்டாயப்படுத்தவில்லை.

பொன்னையா மாஸ்டர் வெகு நாள் கழித்து, ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, "தம்பி, படம் கீறுறது சோலி இல்லை. ஆர் பார்க்கப்போகினம் எண்டு யோசிச்சுக் கீறவேணும்" என்றார். வழக்கமான குரலில், கொட்டகை முழுக்கக் கேட்க. படிப்பிக்கும் முறை பற்றி அவர் எனக்குச் சொன்ன ஒரே விஷயம் அது. நான் ஒத்துக்கொள்ளவில்லை, மறக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நடையை நான் நிறுத்தவில்லை. புதிய பிள்ளைகள், புதிய தாள். காசிம் நானா சளைக்காமல் தந்தார். பாக்கியம் கல்யாணமாகிக் கினிகத்தேனைப் பக்கம் போனாள். அவள் அப்பா விந்தி விந்தி நடந்து, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு விறகு வெட்டினார். ஓடைக்கரையில் மீனாச்சி கல்லடுக்கி, மேலே தகரம் போட்டாள். வெள்ளிதோறும் விளக்கு எரிந்தது. பக்கத்து லயத்துப் பெண்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அங்கே போக ஆரம்பித்தார்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்கு மொட்டை கூட அங்கேதான் நடந்தது. ஆடி மாதத்தில் பங்களாவுக்கு ஒரு கூடைப் போஞ்சி போகும், துரை வாங்கிக்கொள்வார்.

அறுபதுகளின் நடுவில் அவர் சீமைக்குப் போனார். தோட்டத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறுவதா, இருப்பதா என்று பேசிக்கொண்டிருந்த காலம். புதிய துரை வந்தார். நம் நாட்டுக்காரர், இளைஞர், சுறுசுறுப்பு. ஓடைக்கரைகளைச் சுத்தமாக்கி நாற்று மேடை போட வேண்டும் என்று வந்த மாதமே சொல்லிவிட்டார்.

அந்த வாரம் என் வகுப்புக்கு ஊசிமலை முறை. பிள்ளைகளோடு இறங்கியபோது மீனாச்சி கொல்லையில் கம்பு கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் வேலையை விட்டுவிட்டு வந்து கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் கேட்கும் முன்பே ஆரம்பித்தாள்.

காடு வெட்டின காலமாம். மொதல்ல வந்த வெள்ளைக்காரத் துரை குதிரையில வந்தாராம். இந்த இடத்துக்கு வந்ததும் குதிரை நின்றுவிட்டதாம். அடித்தும் நகரவில்லையாம். அன்றைக்கே அவர் கனவில் அம்மன் சின்னப் பெண் மாதிரி வந்து, இம்புட்டு எடம் எனக்கு, இதுல மம்பட்டி பட்டா எனக்கு வெளக்கு வைக்கிறவ கையாலதான் படணும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"எம்புட்டு எடம் அம்மாயி?" என்று ஒருத்தி கேட்டாள்.

மீனாச்சி எழுந்து காட்டினாள். ஓடை, காட்டோரம், தேயிலை. கொஞ்சங்கூடக் கூடவில்லை, குறையவில்லை.

"அந்தக் கத்தி?"

"குதிரைக்காரனோடது" என்றாள். இமை அசையவில்லை. "வேணும்னா சாரைக் கேளுங்க. சாருக்கு எல்லாம் தெரியும்."

பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் எழுதுவது திங்கட்கிழமை பள்ளிச் சுவரில் ஏறும். புதிய துரை அதைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். மீனாச்சிக்கும் அது தெரிந்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க சொன்னதை அப்படியே எழுதிக்குங்க" என்றேன். "எல்லையைச் சரியாப் போடுங்க."